நஞ்சு விற்கும் சங்கம்

நமது நாட்டில் கூட்டுறவு முறையில் விற்கப்படாத பொருள் அரிது. நூலும் துணியும் விற்கின்றோம். நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விற்கின்றோம். பால், மீன், உப்பு, தேன், பனைவெல்லம் ஆகிய யாவற்றிற்கும் சங்கங்கள் உள. ஆனால் பாம்பின் நஞ்சை எடுத்து விற்பதற்கென்றே ஒரு சங்கம் இருக்கின்றது, அது முறைப்படி பதிவு பெற்றது, உறுப்பினர் பங்கும் நிர்வாகக் குழுவும் உடையது என்று சொன்னால், அன்பர்கள் சிலர் நகைக்கவும் கூடும். சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி என்னும் ஊரில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் அச்சங்கம் இருக்கின்றது. இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் என்பது அதன் பெயர். அது தொடங்கப்பட்ட ஆண்டு 1978. இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர் அதில் உளர். ஆடவரும் பெண்டிரும் இருக்கின்றனர்.

இச்சங்கத்தைப் பற்றி நமது இதழில் எழுதுவதற்குக் காரணம் வேடிக்கை அன்று. நம் வாசகரில் ஒரு பாதியார் வரப்பிலும் வைக்கோற்போரிலும் நாளெல்லாம் கை வைப்பவர். மறு பாதியார் தறிக்குழியில் கால் வைத்து அமர்பவர். மழைக்காலத்தில் குளிர்ந்த தறிக்குழிக்குள் பாம்பு வந்து சுருண்டிருந்த செய்தியைக் கேளாத நெசவாளர் குடும்பம் உண்டோ? 2000ஆம் ஆண்டு முதல் 2019 வரை இந்நாட்டில் பாம்புக்கடியால் மாண்டோர் சுமார் 12 இலட்சம் பேர் என்று ஆய்வாளர் கணக்கிட்டிருக்கின்றனர். ஆண்டுக்குச் சராசரி 58,000 உயிர்கள். அவற்றுள் மிகப் பெரும்பான்மை கிராமத்து உயிர்கள். கால் பங்குக்கு மேல் பதினைந்து வயது நிரம்பாத பிள்ளைகள். அவர்களைக் காக்கக்கூடிய மருந்து ஒன்றே. அம்மருந்துக்கு மூலப்பொருள் பாம்பின் நஞ்சு. அந்த நஞ்சில் பெரும்பங்கைப் பல்லாண்டுகளாக இந்தியாவுக்கு அளித்து வருவோர் இந்த இருளர் சங்கத்தார்.

தோலிலிருந்து நஞ்சுக்கு

இருளர் தமிழகத்தின் வடபகுதியிலும் நீலகிரிப் பக்கத்திலும் வாழும் பழங்குடியினர். மிகவும் நலிந்த பழங்குடியினர் என்று அரசு தமிழகத்தில் வகுத்துள்ள ஆறு பிரிவினருள் அவர்களும் ஒருவர். நாம் இங்குக் கூறுவது செங்கற்பட்டு, திருவள்ளூர்ப் பகுதிகளின் சமவெளி இருளரைப் பற்றி. காடு குறைந்து வயல் பெருகிய நிலத்தில் அவர்கள் தேன் எடுத்தனர், கிழங்கு அகழ்ந்தனர், ஈசல் பிடித்தனர், எலியும் பாம்பும் பிடித்தனர். சொந்த நிலம் உடையோர் மிகச் சிலரே. அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்திகளை அன்பர்கள் நாளேடுகளில் படித்திருப்பார்கள்.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாம்புத் தோலுக்கு மேனாட்டில் பெருங்கிராக்கி உண்டாயிற்று. காலணிக்கும் கைப்பைக்கும் சாரைப் பாம்பின் தோலும் மலைப்பாம்பின் தோலும் கப்பலேறின. இருளர் பிடித்துத் தருவர். தோல் வணிகர் அற்ப விலை கொடுத்து வாங்குவர். இலாபம் எங்கே தங்கியது என்பதை நமது சங்கத்தாருக்கு நாம் விளக்கவேண்டுவதில்லை. கைத்தறித் துணிக்கும் நெல்லுக்கும் இடைத்தரகர் செய்த அதே கணக்குத்தான்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. தடை நல்ல தடையே. சாரைப் பாம்பு அழிந்தால் எலி பெருகும். எலி பெருகினால் களஞ்சியம் குறையும். ஆயினும் சட்டம் செய்தோர் பாம்பை எண்ணினரே அன்றி, பாம்பு பிடிப்பவனை எண்ணியதாகத் தெரியவில்லை. தந்தையும் பாட்டனும் செய்த தொழில் ஒரே நாளில் குற்றமாயிற்று. வேறு தொழில் கற்றிலர், நிலமும் இல்லை.

அந்நிலையில் அவர்களுக்குத் துணை நின்றவர் இராமுலஸ் விட்டேக்கர். 1969இல் சேலையூரில் சிறிய அளவில் பாம்புப் பண்ணை ஒன்றைத் தொடங்கிப் பின்னர் அதைக் கிண்டிக்கு மாற்றியவர் அவரே. பாம்பைப் பற்றிய கல்வியில் பெரும்பகுதியைத் தாம் இருளரிடமே கற்றதாக அவர் பலமுறை கூறியும் எழுதியும் இருக்கின்றார். தோலுக்காகப் பாம்பைக் கொல்வதற்கு மாறாக, நஞ்சை எடுத்துக்கொண்டு உயிரோடு காட்டில் விட்டுவிட்டால் சட்டமும் நிற்கும், பாம்பும் பிழைக்கும், இருளரும் பிழைப்பர் என்பதே யோசனை. அதைத் தனியார் நிறுவனமாக அமைக்காமல் கூட்டுறவுச் சங்கமாக அமைத்ததே அதன் சிறப்பு என்பது நம் கருத்து. தனியார் நிறுவனமாயின் இருளர் கூலியாட்களாகவே இருந்திருப்பர்.

வரப்பில் எழுதிய எழுத்து

பாம்பைக் கண்ணால் கண்டு பிடிப்பது அரிதன்று, துணிவிருந்தால் போதும். காணாத பாம்பை, அது இருக்கும் வளையிலேயே சென்று பிடிப்பதுதான் இருளரின் கல்வி. அறுவடை முடிந்த வயலொன்றில் ஒரு காலைப்பொழுது இருளர் தம்பதியர் பின்னே நடக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கணவர் கையில் ஒரு சிறு கடப்பாரை. மனைவி தோளில் ஒரு துணிப்பை. அதற்கு மேல் கருவி ஒன்றும் இல்லை. மகுடியை எதிர்பார்த்தோர் ஏமாறுவர். பாம்புக்குப் புறச்செவி கிடையாது, மகுடி ஊதுவோர் வேறு மக்கள், அது வேறு தொழில்.

இருவரும் பேசவில்லை. நாம் பத்து வளைகளைக் கண்ட இடத்தில் அவர்கள் இரண்டையே நின்று பார்த்தனர். ஏனைய எட்டையும் ஏன் விட்டீர்கள் என்று கேட்டோம். வாயில் சிலந்தி நூல் படர்ந்த வளையில் குடியில்லை என்று அந்த அம்மையார் விளக்கினார். புதுமண் தள்ளியிருந்தால் எலி உண்டு. எலி ஓயாமல் போய்வந்த தடம் இருந்தால் பாம்பு இல்லை. புதுமண்ணும் இன்றி, தடமும் இன்றி, வாயின் ஓரம் மட்டும் மெழுகியது போல் வழவழப்பாய் இருந்தால் அங்கே குனிந்து பார்க்கவேண்டுமாம். பிறகு அவர் ஒரு புல்லின் அடியிலிருந்து உரித்த சட்டையின் துண்டு ஒன்றை எடுத்தார். அது நம் சுண்டுவிரல் நீளமும் இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது சாரை, நமக்கு வேண்டாம் என்று எறிந்தார்.

இது மாயமன்று. கண்ணாடி விரியனின் முதுகுச் செதில் ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு மேடு கோடாக ஓடும், தடவினால் சொரசொரக்கும். நாகத்தின் செதில் வழுவழுப்பானது. கட்டுவிரியனுக்கு முதுகின் நடுவரிசைச் செதில்கள் மட்டும் மற்றவற்றினும் பெரியனவாய் அறுகோணமாய் இருக்கும். விலங்கியல் மாணவர் நூலைப் பார்த்துக் கற்கும் இக்குறிகளையே இருளர் விரல்நுனியால் கற்றிருக்கின்றனர். பாம்பின் எச்சத்தையும் அவர்கள் அறிவர்: சுண்ணாம்பு போன்ற வெண்பகுதியும், அதனோடு சேர்ந்த எலிமயிரும். எச்சம் காய்ந்த அளவைக் கொண்டு பாம்பு எப்போது அவ்வழி போயிற்று என்று மதிக்கின்றனர்.

நான்கு பாம்புகளே சங்கத்துக்கு வேண்டியவை: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்நான்கின் நஞ்சுக்கும் எதிரான ஒரே மருந்துதான் நமது மருத்துவமனைகளில் இருப்பது. பெயரில் கட்டுவிரியனும் ஒரு விரியன் எனினும், அது இனத்தால் நாகத்துக்கு உறவு, நரம்பைத் தாக்கும். மற்ற இரு விரியன்களும் குருதியை உறையாமற் செய்யும். கண்ணாடி விரியன் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஒவ்வொன்றின் குணத்தையும் அத்தம்பதியர் ஊரில் உள்ள உறவினரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்கள். கண்ணாடி விரியன் சோம்பேறி. மிதிக்கும் தூரத்துக்கு வந்தாலும் ஓடாது. ஆனால் துருத்தி ஊதுவது போலச் சீறி எச்சரிக்கும், அவ்வொலியைக் கேட்டால் நின்ற இடத்தில் நிற்கவேண்டும். சுருட்டை ஒரு முழம் இருந்தால் பெரிது. மணலிலும் கல்லடியிலும் கிடக்கும். சினந்தால் உடலை மடித்து மடித்துத் தன் செதிலோடு செதிலை உரசி, அரத்தால் இழைப்பது போன்ற ஓசை எழுப்பும். நாகம் படமெடுப்பது கடிப்பதற்கு அன்று, விலகிப்போ என்று சொல்வதற்கு. கட்டுவிரியன் பகலில் அடித்தாலும் தலையை உடற்சுருளுக்குள் ஒளித்துக்கொள்ளும் சாது. இரவானால் அதுவே வேறு பிறவி.

இந்தக் கட்டுவிரியனைப் பற்றி ஓரிரு சொல் கூடுதலாக எழுத விரும்புகின்றோம். பாய் விரித்துத் தரையில் உறங்குவோரை இரவில் கடிப்பது பெரும்பாலும் இதுவே. எலியையும் பல்லியையும் சிறு பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வருகின்றது. உறங்குபவர் புரண்டால் கடிக்கின்றது. பல் மிகச் சிறியது. வலியும் வீக்கமும் அநேகமாய் இல்லை. பூச்சி கடித்தது என்று எண்ணி மீண்டும் உறங்கிவிடுகின்றனர். விடியற்காலையில் வயிற்றுவலி, தொண்டை அடைப்பு, இமை மேலே எழாமை. பிறகு மூச்சே நின்றுபோதல். எட்டடி விரியன் என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. கடிபட்டவன் எட்டடி வைப்பதற்குள் விழுவான் என்று அதற்குப் பொருள் கூறுவர். அது பிழை, கேடான பிழையும் ஆகும். கடித்த பின்னர் பெரும்பாலும் பல மணி நேரம் கைவசம் இருக்கின்றது. எட்டடியில் முடிந்துவிட்டது என்று எண்ணிக் கைவிடுவதற்கு நியாயம் இல்லை. கட்டிலில் உறங்குவதும், கொசுவலையைப் பாய்க்கடியில் நன்கு செருகிக்கொள்வதும் இதற்குச் சிறந்த காப்பு என்பதை ஆய்வாளரும் சொல்கின்றனர், அந்த அம்மையாரும் சொன்னார்.

இதனோடு தவறாக எண்ணிக் கொல்லப்படும் ஏழைப் பாம்பு ஒன்று உண்டு. வெள்ளிக்கோல் வரையன் என்பர். அதற்கு நஞ்சில்லை. கட்டுவிரியனின் வெள்ளைக் கோடுகள் வாலை நோக்கித் தெளிவாகி, தலைப்பக்கம் மங்கி மறையும். வெள்ளிக்கோல் வரையனுக்கு நேர்மாறு, கழுத்திலேயே தெளிவாய்த் தொடங்கி வால்பக்கம் மங்கும். அதுபோல் கண்ணாடி விரியன் என்று அடிபட்டுச் சாவது மண்ணுளிப் பாம்பு. விரியனின் முதுகில் சங்கிலி கோத்தாற்போல் வட்டங்கள் மூன்று வரிசையாய் ஓடும். மண்ணுளிக்கு ஒழுங்கற்ற திட்டுக்களே. மண்ணுளியின் இனத்ததான இருதலை மணியனுக்கு இலட்சக்கணக்கில் விலை உண்டு என்று சொல்லி ஊர் ஊராய் ஏமாற்றும் கூட்டமும் இருக்கின்றது. அதற்கு இருதலையும் இல்லை, அவ்விலையும் இல்லை. சிறைத்தண்டனை மட்டும் உண்டு.

பாம்பு பால் குடிக்கும், பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும், சாரையும் நாகமும் கூடும் என்பனவற்றைக் கேட்டு நம் இருளர் தம்பதியர் சிரித்தனர். இரண்டு பாம்புகள் பின்னி எழுந்து நிற்பதைக் கண்டு நாம் வெள்ளைத்துணி போட்டு வணங்குவது வழக்கம். உண்மையில் அவை இரண்டும் ஆண் சாரைகள், பெண்ணுக்காக மல்லுக்கட்டுகின்றன.

எலி வளைக்குள் இருக்கும் நெல்

பாம்பைத் தேடிப் போகிறவர் முதலில் எலியைத் தெரிந்திருக்க வேண்டும். எலி எங்கோ, பாம்பும் அங்கே. விவசாய அன்பர்களுக்கு இந்தப் பகுதி பாம்பினும் பயன்படும்.

வயலில் கதிரறுத்து வளையில் சேமிக்கும் எலியினத்தை நாம் எல்லோரும் அறிவோம். அது தன் வாயிலை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும். மேலே மண்குவியல்தான் அடையாளம். வெள்ளெலி இன்னும் தந்திரசாலி. முன்வாயில் ஒன்றிருக்க, தப்புவதற்கென்று வேறொரு வழியை மண்மட்டத்துக்கு மிக அருகே கொண்டுவந்து, மெல்லிய மண்தோலை மட்டும் விட்டுவைக்கும். வெட்டிக்கொண்டு போனால், அந்தத் தோலைப் பிளந்துகொண்டு நமக்குப் பின்னால் பாய்ந்து ஓடும். இருளர் வெட்டத் தொடங்குமுன்பே தரையைக் குதிகாலால் தட்டிப் பார்த்து அந்த இரகசிய வழியைக் கண்டு மிதித்து அடைத்துவிடுகின்றனர்.

பிறகு புகைப்பானை. அடியில் சிறு துளையிட்ட மண்பானைக்குள் வைக்கோலும் பச்சிலையும் திணித்து நெருப்பு மூட்டி, பானையின் வாயை வளையின் வாயோடு பொருத்திச் சுற்றிலும் மண்ணால் மெழுகிவிட்டு, அடித்துளையில் வாய்வைத்து ஊதுவர். புகை முழுவதும் வளைக்குள் இறங்கும். மயங்கிய எலிகளை வெட்டி எடுப்பர். வளைக்குள் இருக்கும் நெல்லையும் எடுப்பர். அந்நெல் பிடித்தவருக்கே உரியது என்பது ஊர்வழக்கம். எலியையும் அவர்கள் உண்பர். கண்ணெரிச்சலும் இருமலும் இத்தொழிலின் கூலியில் ஒரு பகுதி. பானையை ஊதி ஊதி நுரையீரல் கெட்ட பெரியவர்கள் பலர்.

நஞ்சுத்தீனி வைத்து எலி கொல்லும் முறையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நஞ்சு தின்ற எலியை ஆந்தை தின்று சாகின்றது. நாய் தின்று சாகின்றது. வளைக்குள் போன நெல் வளைக்குள்ளேயே கிடக்கின்றது. ஒரு முறை தின்று பிழைத்த எலி மறுமுறை அத்தீனியைத் தொடாது. விளைச்சலுக்குப் பத்து நாள் இருக்கும்போது கடையில் நஞ்சு வாங்கும் நமது உறுப்பினர், அருகிலுள்ள இருளர் குடியிருப்புக்கு ஒரு நடை போய் வந்தால் என்ன? கூலியைப் பேசிக் கையோடு கொடுக்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. வளை நெல்லே கூலி என்று சொல்லி அனுப்பும் வழக்கம் நியாயமன்று.

பானையில் பாம்பு

பிடித்த பாம்பைத் துணிப்பையில் இட்டுச் சங்கத்துக்குக் கொண்டுவருகின்றனர். இன்ன பாம்புக்கு இன்ன விலை என்று இனவாரியாக விலை உண்டு. பாம்பின் நீளத்தையும் நலத்தையும் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றி, பாதி மணல் நிரப்பிய மண்பானையில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கின்றனர். வரிசை வரிசையாய்ப் பானைகள். ஒவ்வொன்றின் மேலும் பெயரும் தேதியும். நம்மூர்ப் பொங்கற்சந்தைக்கு வந்துவிட்டோமோ என்று நமக்குத் தோன்றியது.

வாரம் ஒருமுறையாக நான்கு முறை நஞ்சு எடுக்கின்றனர். மெல்லிய தோல் கட்டிய கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைப் பாம்பு கடிக்கின்றது. மஞ்சள் நிறத் துளிகள் கிண்ணத்தில் இறங்குகின்றன. கட்டுவிரியனின் நஞ்சு மட்டும் நீர்போல் வெண்மையாய் இருக்கும். அதை உறையவைத்து ஈரம் நீக்கிப் பொடியாக்கிச் சிறு குப்பிகளில் அடைக்கின்றனர். சுருட்டை போன்ற சிறு பாம்பில் ஒரு கிராம் பொடி சேர மிகப் பல பாம்புகள் வேண்டும். நான்கு வாரம் முடிவதற்குள் பாம்பைக் காட்டில் விட்டுவிடவேண்டும் என்பது விதி. விடுமுன் வயிற்றுச் செதில் ஒன்றின் ஓரத்தைச் சிறிது கத்தரித்து அடையாளம் வைக்கின்றனர். அடையாளமுள்ள பாம்பை யாரேனும் மறுபடி கொண்டுவந்தால் சங்கம் ஏற்காது. சில முறை சட்டை உரித்தபின் அக்குறி மறைந்துவிடும். அதற்குள் பாம்பும் இளைப்பாறிவிடும்.

இப்பொடியை மருந்துத் தொழிற்சாலைகள் வாங்கி, கரைத்து, சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்துகின்றன. குதிரையின் குருதியில் எதிர்ப்பொருள் ஊறுகின்றது. அதைப் பிரித்தெடுத்துத் தூய்மைசெய்து குப்பியில் அடைத்ததே பாம்புக்கடி மருந்து. அரசு மருத்துவமனைகளில் அது கட்டணமின்றிக் கிடைக்கின்றது.

மந்திரித்தும் வேர் கட்டியும் பிழைத்தவர் இல்லையா என்று கேட்பார் உண்டு. இருக்கின்றனர். கடித்த பாம்பு நஞ்சற்றதாய் இருந்திருக்கும். நஞ்சுள்ளதே ஆயினும், நஞ்சைச் செலுத்தாமல் வெறுங்கடி கடிப்பதும் உண்டு. அவ்வாறு பிழைத்தவரின் புகழே மந்திரவாதியின் முதல். இருளருக்கும் பச்சிலை மருத்துவம் உண்டு. அதன்மேல் நமக்கு மதிப்பும் உண்டு. எனினும் உடலில் இறங்கிய நஞ்சை முறிக்கும் என்று நிறுவப்பட்டது ஊசிமருந்து ஒன்றே. கடிவாயைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் கேடு செய்யும். கடிபட்ட உறுப்பை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் அசையாமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போகவேண்டும். பாம்பைத் தேடி அடித்துப் பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. அதில் இன்னொருவர் கடிபடுவார்.

கடற்கரை அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. வலையில் வரும் கடற்பாம்புகளின் வால் துடுப்புபோல் தட்டையாய் இருக்கும். அத்தகையன நஞ்சுள்ளவை, ஆனால் கடிக்கும் இயல்பு அவற்றிற்குக் குறைவு. மீனவர் அவற்றை வாலைப் பிடித்துக் கடலில் வீசிவிடுவதை நாம் பார்த்திருக்கின்றோம். இவற்றுள் முன்கோபம் மிக்கது வலகடியன்; நம் கடற்கரை மக்கள் இட்ட அப்பெயரையே ஆங்கில நூலாரும் எடுத்து வழங்கினர். நாம் மேலே கூறிய மருந்து கடற்பாம்பின் நஞ்சுக்கு எதிராகச் செய்யப்பட்டது அன்று என்பதை நினைவில் வைத்து, வலையில் வலகடியனைக் கண்டால் வெறுங்கையால் தொடாதிருத்தல் நன்று.

சங்கத்தின் இடர்கள்

நெசவாளர் சங்கத்துக்கு நூல்விலை எப்படியோ, அப்படியே இச்சங்கத்துக்கு வனத்துறையின் அனுமதி. எத்தனை பாம்பு, எந்த இனம், எந்தக் காலம் என்று அரசு ஆணையிட்ட பின்னரே உறுப்பினர் கடப்பாரையைத் தொடலாம். அளவு குறைந்தால் வருவாய் குறையும். ஆணை தாமதித்தால் அந்தப் பருவமே போய்விடும். மழை ஆணைக்குக் காத்திருப்பதில்லை. கட்டுப்பாடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காட்டு உயிரை அளவின்றிப் பிடிக்க எவருக்கும் உரிமை இல்லை. குறித்த காலத்தில் ஆணை வரவேண்டும் என்பதே கோரிக்கை. அது நியாயமானது.

விற்பனையிலும் இடர் உண்டு. வாங்குவோர் விரல்விட்டு எண்ணத்தக்க சில நிறுவனங்களே. அவர்கள் வாங்காவிட்டால் சரக்கு தங்கும். தங்கினால் அடுத்த ஆண்டு பாம்பு பிடிக்கும் அளவு குறையும்.

அண்மையில் இன்னொரு கேள்வி எழுந்துள்ளது. பாம்பின் நஞ்சு இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் உள்ளிட்ட ஆய்வாளர் காட்டியிருக்கின்றனர். செங்கற்பட்டுப் பாம்பின் நஞ்சைக்கொண்டு செய்த மருந்து, மேற்கிலோ வடக்கிலோ உள்ள அதே இனப் பாம்பின் கடிக்கு முழுப்பயன் அளிக்காமல் போகலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள கூன்மூக்குக் குழிவிரியன் போன்றவை இந்நால்வர் பட்டியலிலேயே இல்லை. எனவே நாட்டின் பல பகுதிகளிலும் நஞ்சு சேகரிக்கவேண்டும் என்கின்றனர். இது மறுக்கமுடியாத வாதம். இதனால் இருளர் சங்கத்தின் வேலை போய்விடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். நாம் அப்படி எண்ணவில்லை. இராஜஸ்தானத்து மணலில் சுருட்டையைப் பிடித்து, கொல்லாமல் நஞ்செடுத்து, திரும்ப விடக் கற்பிப்பதற்கு ஆள் வேண்டுமென்றால் எங்கே தேடுவார்கள்? நாற்பது ஆண்டுக்கு மேலாக இதைச் செய்துவருவோர் வடநெம்மேலியில்தானே இருக்கின்றனர்!

வெளிநாட்டார் இதை நமக்கு முன்பே உணர்ந்தனர் என்று சொல்ல வேண்டியிருக்கின்றது. அமெரிக்காவின் புளோரிடாவில், வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டுத் தப்பிய பர்மிய மலைப்பாம்புகள் சதுப்புநிலக் காட்டில் பெருகி, அந்நாட்டு விலங்குகளை அழித்துவருகின்றன. நாயும் கருவியும் கொண்டு தேடியும் அவற்றைக் காண்பது அரிதாயிற்று. 2017இன் தொடக்கத்தில் புளோரிடாப் பல்கலைக்கழகத்தாரும் அம்மாநில வனவிலங்கு ஆணையமும் இருளர் இருவரை வரவழைத்தனர்: மாசி சடையன், வடிவேல் கோபால். அதற்குமுன் கண்டறியாத நாடு, கண்டறியாத காடு. முதல் இரண்டு வாரங்களுக்குள் பதின்மூன்று மலைப்பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று பதினாறு அடி நீளம். அவர்கள் தேடியது பாம்பையன்று, புல் சாய்ந்த திசையையும் எச்சத்தையும்தான். 2023இல் இந்திய அரசு அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளித்தது. விட்டேக்கருக்கு அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 2018இல் கிடைத்திருந்தது.

விருது வந்தது, வயல் குறைந்துவருகின்றது. கடற்கரைச் சாலையின் இருமருங்கிலும் முன்பு நெல்லும் சவுக்கும் இருந்த இடங்கள் மனைகளாகப் பிரிந்து கல் நடப்பட்டுவிட்டன. வேலியிட்ட நிலத்துக்குள் கடப்பாரையோடு நுழைபவரைக் காவலாளி திருடன் என்கின்றான். இருளர் பிள்ளைகள் பள்ளிக்குப் போகின்றனர், போகத்தான் வேண்டும். பத்து வயதில் தந்தையின் பின்னே வயலில் நடந்து கற்ற கல்வியை இருபது வயதில் தொடங்கிக் கற்க முடியுமா என்பது வேறு கேள்வி. நம்மோடு வந்த பெரியவரின் மகன் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கின்றான். விடுமுறை நாளில் வருவானாம். வளையைப் பார்த்தால் சொல்லிவிடுவான், சட்டைத் துண்டைப் பார்த்து இனம் சொல்ல இன்னும் வரவில்லை என்றார் தந்தை.

பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாகத் தமிழக அரசு 2024 நவம்பரில் ஆணையிட்டது. அதே ஆண்டில் இந்திய அரசும், 2030க்குள் பாம்புக்கடி மரணத்தைப் பாதியாகக் குறைக்கும் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. கணக்கு சரியாக வந்தால் எந்த ஊருக்கு எத்தனை குப்பி மருந்து தேவை என்பது தெரியும். நமது தொடக்கக் கூட்டுறவுச் சங்க அலுவலகங்களில் விதை இருப்பு எழுதும் பலகையின் கீழே, மருந்து இருக்கும் மருத்துவமனையின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவைத்தால் செலவு ஒரு சுண்ணக்கட்டிதான்.

அன்று வெயில் ஏறியபோது, கரையோரத்து வேலிப்புதர் ஒன்றின் அடியில் அந்தப் பெரியவர் நின்றார். கடப்பாரை ஐந்தாறு முறை மண்ணில் இறங்கிற்று. மண்ணைக் கையால் விலக்கினார். உள்ளே வால் ஒன்று அசைந்தது. நாம் பின்வாங்கினோம். அவர் அவசரமின்றி இழுத்தெடுத்தார். ஆறடிக்குக் குறையாத சாரைப் பாம்பு. காலை முதல் நடந்து கிடைத்தது அது ஒன்றே. சங்கத்தில் அதற்கு விலை இல்லை. முன்னொரு காலத்தில் அவருடைய தந்தை அதைத் தோலுக்குக் கொடுத்திருப்பார். அவர் அதன் உடலில் ஒட்டியிருந்த ஈரமண்ணைத் துடைத்துவிட்டு, வாலை விட்டார். அது அறுத்த தாளின் ஊடே நெளிந்து, அடுத்த வரப்பில் புதுமண் தள்ளியிருந்த எலிவளைக்குள் புகுந்துகொண்டது. அம்மையார் துணிப்பையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அடுத்த வயலுக்கு நடந்தோம்.